வால்வு சோர்ஸுக்கு எத்தனை கிலோ ஓம் வால்யூம் போடுவது? மூன்று வருஷம், நான்கு வால்யூம்

மூன்று வருஷத்தில் நான்கு வால்யூம் கன்ட்ரோல் மாற்றிவிட்டேன். அதில் இரண்டு வெறும் அவசரத்தால் வந்த வினை, ஏனென்றால் அளந்து பார்க்காமலே மாட்டினேன்.

என் சோர்ஸின், அதாவது பாட்டைத் தரும் பெட்டியின், கடைசிக் கட்டம் ஒரு 12ஏயூ7 வால்வு. ஒரே குழாய்க்குள் இரண்டு வால்வு இருப்பதால் சேனலுக்குப் பாதி. சிக்னல் வெளிவரும் முனையான பிளேட்டில் 47 கிலோ ஓம் ரெசிஸ்டர், அங்கிருந்து 0.22 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் வழியாக நேரே வெளியே வருகிறது. அவுட்புட் இம்பீடன்ஸைக் குறைக்கும் கேத்தோடு ஃபாலோயர் கட்டம் கிடையாது, வால்யூமும் கிடையாது. அதனால் ஒரு சின்னப் பெட்டியில் வால்யூமை மட்டும் போட்டு, பவர் ஆம்ப்புக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கையில் 10 கிலோ ஓம் ஒன்று இருந்தது, டிரான்சிஸ்டர் செட்டில் நன்றாக வேலை செய்தது, அதையே எடுத்து மாட்டினேன்.

பாட்டு வந்தது. ஆனால் பாஸ் கிட்டார் எங்கோ பக்கத்து அறையில் வாசிப்பது போல இருந்தது, குமிழை வழக்கத்தைவிட நிறையத் திருப்ப வேண்டியிருந்தது, சத்தம் ஏறினால் குரலில் ஒரு கரகரப்பு. வால்வுதான் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி அதையும் மாற்றினேன். ஒரு வித்தியாசமும் இல்லை. இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு ஒரு கருவி காட்டும் தடை பற்றி யாரோ சொன்னதும் இந்தத் தடவை எதிர்ப்பக்கம் ஓடி 250 கிலோ ஓம் வாங்கிப் போட்டேன். பாஸ் வந்துவிட்டது, ஆனால் டிரம்ஸின் சிம்பல் தட்டு மேல் போர்வை போர்த்தியாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் குமிழ் கீழே இருக்கும்போது அவ்வளவு மோசமில்லை, ஏற்றும்போதுதான் மங்குகிறது.

அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். 400 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிட்டு, வெளியீட்டில் லோடு (சுமை) எதுவும் இல்லாமல் அளந்தால் 2.00 வோல்ட். வெளியீட்டுக்குக் குறுக்கே 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால் 1.70. இரண்டையும் வகுத்து, ஒன்றைக் கழித்து, 47ஆல் பெருக்கினால் 8.3 கிலோ ஓம். இதுதான் என் சோர்ஸின் அவுட்புட் இம்பீடன்ஸ். 50 ஹெர்ட்ஸில் அளக்காதீர்கள், அங்கே 0.22 கப்பாசிட்டரே 14 கிலோ ஓமுக்கு மேல் நின்று கணக்கைக் கெடுக்கும். ரொம்ப மேலேயும் போக வேண்டாம், மலிவான மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினால் தப்பாகக் காட்டும். இதற்குப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது.

அந்த 8.3 கிடைத்ததும் எல்லாம் புரிந்தது. 8.3க்கு 10 கிலோ ஓம் லோடு என்றால் சிக்னலில் 5 டெசிபலுக்கு மேல் அங்கேயே தொலைகிறது. அந்தக் கப்பாசிட்டரும் மொத்தம் 18.3 கிலோ ஓமும் சேர்ந்து 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாஸை வெட்டுகின்றன. வால்வும் இவ்வளவு கனமான லோடை இழுக்கத் திணறி டிஸ்டார்ஷனைக் கூட்டுகிறது. கப்பாசிட்டரை 2.2 ஆக்கு என்று ஒரு நண்பர் சொன்னார். பாஸ் சரியாகும்தான், மற்ற இரண்டும் அப்படியேதான் இருக்கும், ஸ்விட்ச் போடும்போது வரும் தடாலும் பெரிதாகும். சோர்ஸைப் போல பத்து மடங்கு என்று சும்மாவா சொல்கிறார்கள்.

ஆனால் பத்து மடங்கு என்பது பாதிக் கதைதான். வால்யூமுக்கும் தனக்கென்று ஓர் அவுட்புட் இம்பீடன்ஸ் உண்டு. சிக்னல் பாதியாகும் இடத்தில், அதாவது 6 டெசிபல் குறைந்த இடத்தில், அது உச்சத்துக்குப் போகும்: வால்யூமையும் சோர்ஸையும் கூட்டி நான்கால் வகுத்தால் வருவது. 250 கிலோ ஓமுக்கு அது கிட்டத்தட்ட 65 கிலோ ஓம். என் ஒயர் 3 மீட்டர், மீட்டருக்குச் சுமார் 100 பிகோ ஃபாரட். ஆம்ப்பின் முதல் வால்வு 12ஏஎக்ஸ்7, தன் உள்ளே இருக்கும் சின்னக் கப்பாசிட்டன்ஸை வால்வே பெருக்கிக் காட்டும் மில்லர் விளைவால் அது இன்னொரு 100 சேர்க்கிறது. எல்லாம் சேர்ந்து மேல் சுருதிகள் 6 கிலோ ஹெர்ட்ஸிலேயே இறங்க ஆரம்பித்தால் சிம்பல் எப்படிக் கேட்கும்?

சரி என்று 100 கிலோ ஓம் போட்டேன். அதே ஒயரோடு கணக்குப் பார்த்தால் 15 கிலோ ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழே, அப்போதும் திருப்தியில்லை. அன்று ராத்திரி பெட்டியைத் தூக்கி ஆம்ப்பின் பக்கத்தில் வைத்தேன். நீள ஒயர் இப்போது சோர்ஸுக்கும் வால்யூமுக்கும் நடுவே, ஆம்ப்புக்கு வெறும் அரை மீட்டர். நீள ஒயரை ஓட்டுவது 8.3 கிலோ ஓம்தான், அதற்கு அது ஒரு பொருட்டே இல்லை. வால்யூமுக்குப் பின்னால் 150 பிகோ ஃபாரட்தான் மிச்சம், 39 கிலோ ஹெர்ட்ஸ் வரை கவலையில்லை. மூன்று வருஷத்தில் செய்ததிலேயே பலன் தந்தது இதுதான், ஒரு காசு செலவில்லை.

இரண்டாம் வருஷம் குமிழைத் திருப்பினால் சரசரவென்று சத்தம். சுத்தம் செய்தும் போகவில்லை. வால்யூமின் குறுக்கே டிசி அளந்தால் 0.3 வோல்ட், சோர்ஸில் இருந்த பழைய கப்பாசிட்டர் கசிகிறது. அதை மாற்றியதும் சத்தம் நின்றது. பழியை வால்யூம் மேல் போட்டு இன்னொன்று வாங்கப் போனேன், நல்ல வேளை.

இப்போது ஓடுவது நான்காவது, 100 கிலோ ஓமிலேயே 24 படி ஸ்விட்ச் வகை. முன்பு குமிழ் ரொம்பக் கீழே இருக்கும்போது இடது பக்கம் கொஞ்சம் ஓங்கிக் கேட்கும், அது போய்விட்டது. குறை என்றால் படிக்கு 2 டெசிபல், ராத்திரியில் எனக்கு வேண்டிய அளவு எப்போதும் இரண்டு படிகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. அந்தப் பழைய 10 கிலோ ஓமைத் தூக்கிப் போடவில்லை, 100 ஓம் அவுட்புட் உள்ள இன்னொரு பிளேயரில் மாட்டியிருக்கிறேன், அங்கே அதில் ஒரு குறையும் இல்லை.