சாதாரணம், சாம்பல், கசடு: எந்தச் சூழலுக்கு எந்தச் சிமெண்ட்?

28-ஆம் நாளில் கான்கிரீட் கனசதுரத்தை உடைத்துப் பார்த்து, வரும் எண்ணை வைத்தே சிமெண்டை எடைபோடும் பழக்கம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. சோதனைக் கனசதுரம் அத்தனை நாளும் தண்ணீருக்குள் சுகமாகக் கிடந்திருக்கும். தூணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெயிலும் காற்றும் உப்பும் பனியும் அதன் மேல்தான் விழுகின்றன. ஆகவே சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட், அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்ட், இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்ட் ஆகிய மூன்றையும் அவை நிற்கப்போகும் இடத்தோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

வேதியியலைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சாதாரண சிமெண்டும் தண்ணீரும் சேரும்போது முக்கியமாக இரண்டு பொருள்கள் உருவாகின்றன. ஒன்று, வலிமையைத் தரும் கால்சியம் சிலிகேட் கூழ்மம். மற்றொன்று கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது சுண்ணாம்பு. இது வலிமைக்குப் பெரிதாக உதவாது. ஆனால் கான்கிரீட்டின் காரத்தன்மையை (pH அளவில்) 12.5-க்கு மேல் நிறுத்திவைத்து, கம்பி துருப்பிடிக்காமல் காக்கிறது. சாம்பல் இந்தச் சுண்ணாம்பைத் தின்று மேலும் கூழ்மத்தை உண்டாக்குகிறது, ஆனால் மெதுவாக. கசடு, காரம் தூண்டினால் தானே இறுகக்கூடியது.

வேகத்தில் சாதாரண சிமெண்ட்தான் முதலிடம். பலகையைச் சீக்கிரம் பிரிக்க வேண்டிய வேலைக்கு அதுவே வசதி. மற்ற இரண்டும் 7-ஆம் நாளில் பின்தங்கி, 56 அல்லது 90 நாளில் அதை எட்டிப்பிடிக்கும். பல நேரங்களில் முந்தியும் போகும். ஆனால் ஒரு மீட்டருக்கு மேல் கனமான அஸ்திவாரத்தில் அதே வேகம் எதிரியாகிறது. உள்ளே சூடு தேங்க, வெளிப்புறம் ஆறிவிட, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே விரிசலை உண்டாக்கிவிடும். அங்கே கசடு சிமெண்டை நான் தயங்காமல் எடுப்பேன்.

கடற்கரையில்தான் தேர்வு உண்மையிலேயே கடினமாகிறது. கடல்நீரில் சல்ஃபேட் இருக்கிறது என்பதற்காகச் சிலர் சல்ஃபேட்டைத் தாங்கும் சிறப்புச் சிமெண்டைத் தேடிப்போகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பி உள்ள கான்கிரீட்டைக் கடலோரத்தில் முதலில் வீழ்த்துவது குளோரைடு. நுண்துளைகள் வழியே அது கம்பி வரை ஊர்ந்து போய்ப் பாதுகாப்புப் படலத்தை உடைக்கிறது. துரு பருத்து, மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பாளம் பாளமாகப் பெயர்த்துத் தள்ளுகிறது. சிமெண்டில் உள்ள அலுமினேட், உள்ளே வரும் குளோரைடில் ஒரு பகுதியைப் பிடித்துக் கட்டிவைக்கும். சல்ஃபேட் தாங்கும் சிமெண்டிலோ அந்த அலுமினேட்டைத்தான் குறைத்திருப்பார்கள். ஒரு பகைவனுக்குக் கதவை அடைத்து, இன்னொருவனுக்குத் திறந்துவிட்ட கதை இது. பாதிக்கு மேல் கசடு கலந்த சிமெண்ட் துளைகளையும் நுண்மையாக்குகிறது, குளோரைடையும் பிடித்துவைக்கிறது. கடலுக்கு என் தேர்வு அதுவே. சாம்பல் கலந்தது அடுத்தபடி.

அப்படியானால் கலப்புச் சிமெண்டே எங்கும் சிறந்ததா? இல்லை. கடலிலிருந்து தள்ளி, காற்றின் ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் வரை இருக்கும் இடங்களில் வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு வினைபுரிந்து காரத்தன்மையை 9-க்கும் கீழே இறக்கிவிடுகிறது. காரம் குறைந்த பகுதி மேற்பரப்பிலிருந்து உள்ளே பரவிக் கம்பியைத் தொட்டதும் துரு தொடங்கிவிடும். சாம்பல் ஏற்கெனவே சுண்ணாம்பைச் செலவழித்துவிட்டதால் கையிருப்பு குறைவு. நன்றாக க்யூரிங் செய்தால் இறுக்கமான துளையமைப்பு இந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டும். இரண்டு நாள் நனைத்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று தெரிந்தால், அந்த இடத்தில் நான் சாதாரண சிமெண்டையே பரிந்துரைப்பேன். சிமெண்டைத் தேர்ந்தெடுக்கும்போது யார் தண்ணீர் விடப்போகிறார்கள் என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வெயில் காலத்தில் தளத்தின் மேற்பரப்பைக் கவனியுங்கள். கொட்டிச் சமன்செய்த கொஞ்ச நேரத்தில் மேலே தண்ணீர் கசிந்து பளபளக்கும். அந்தப் பளபளப்பு மறையும் வேகம், கசியும் வேகத்தை மிஞ்சினால் விரிசல் விழும். சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும் நிலையைத்தான் வழக்கமாக அபாய எல்லையாகக் கொள்கிறார்கள். வெயிலைவிடக் காற்று மோசம். மேலும், சூட்டில் இறுகிய கான்கிரீட் ஆரம்பத்தில் வலிமை காட்டினாலும், இறுதி வலிமையில் மிதமான வெப்பத்தில் இறுகியதைவிடக் குறைந்தே நிற்கும்.

வெயிலில் கலவை கெட்டியாகிவிட்டது என்று ஒரு வாளி தண்ணீரைச் சேர்ப்பதா, இளக்கி மருந்து சேர்ப்பதா? இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர் என்றால் நீர்-சிமெண்ட் விகிதம் 0.45. ஐந்து லிட்டரைக் கூட்டினால் 0.55. வலிமையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அமெரிக்க ஆய்வாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே இந்த உறவை விதியாக வகுத்துவிட்டார். வலிமை போவதைவிட, துளைகள் கூடி உப்புக்கும் காற்றுக்கும் வழி திறப்பது இன்னும் பெரிய கேடு. இளக்கி, தண்ணீரைக் கூட்டாமலேயே சிமெண்ட் துகள்களைப் பிரித்து ஓடவைக்கிறது.

ஆற்று மணலா, எம்-சாண்டா என்ற வாதத்தில் அதிகம் பேச ஒன்றுமில்லை. உருண்டை மணல் குறைந்த தண்ணீரில் இளகும். கல்தூள் மிகுந்த எம்-சாண்ட் அதிகம் கேட்கும். தூளைக் கட்டுப்படுத்தி, மேலே சொன்ன விகிதத்தையும் காத்தால் இரண்டுமே உழைக்கும். ஜல்லியில் காரத்தோடு வினைபுரியும் சிலிக்கா இருந்தால் மட்டும் சாம்பல் அல்லது கசடு சிமெண்டுக்கே போக வேண்டும்.

உறைபனி விழும் நாடுகளில் வரிசை மறுபடி தலைகீழாகிறது. தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருகும். அதற்கு இடம்கொடுக்க 4 முதல் 7 சதவீதம் வரை நுண்குமிழ்களைச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு சதவீதக் காற்றுக்கும் ஏறத்தாழ 5 சதவீத வலிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். கொடுக்கத் தகுந்த விலைதான். முதல் உறைவுக்குள் கான்கிரீட் குறைந்தது 3.5 மெகாபாஸ்கல் வலிமையை எட்டியாக வேண்டும். குளிரில் சோம்பிக் கிடக்கும் கசடு சிமெண்டை, போர்வை போட்டுச் சூடு காக்க வழியில்லாத இடத்தில் நான் பயன்படுத்தமாட்டேன்.