வாங்கிய வீட்டைச் சோதிக்க ஆள் அழைத்தோம்: என் அனுபவம்

வந்தவர் முதலில் போய் நின்றது மெயின் போர்டு முன்னால்தான். மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கிற ஆர்சிசிபியில் இருக்கும் சின்ன டெஸ்ட் பட்டனை அழுத்தினார். விழ வேண்டிய லிவர் விழவில்லை. மறுபடி அழுத்தினார், அப்போதும் அப்படியே நின்றது. வீட்டுச் சோதனைக்கு ஆள் அழைத்தது வீண் செலவோ என்று அதுவரை எனக்கு ஒரு யோசனை இருந்தது. அந்த இடத்திலேயே அது போய்விட்டது.

அளவுக்கு மேல் மின்சாரம் போனால் விழுகிற எம்சிபி சுவிட்ச் காப்பது வயரை. ஆளைக் காப்பது ஆர்சிசிபி. ஃபேஸில் போகிற மின்சாரம் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கீசரைத் தொட்டவரின் உடம்பு வழியாகக் கொஞ்சம் தரைக்குப் போனாலும் கணக்கு இடிக்கும், உடனே துண்டித்துவிடும். வீடுகளுக்கு வழக்கமாகப் போடுவது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் விழுகிற வகை. எங்கள் போர்டில் அந்தப் பெட்டி இருந்தது, ஆனால் செத்துக் கிடந்தது. குடிவந்து 11 நாளாக என் அம்மா அந்த கீசரில்தான் குளித்துக்கொண்டிருந்தார். அன்று மாலையே எலெக்ட்ரீஷியனை வரவழைத்து மாற்றினோம். இப்போது மாதம் ஒருமுறை அந்தப் பட்டனை அழுத்திப் பார்ப்பது என் வேலை.

அடுத்தது ஓதம். படுக்கையறைச் சுவர் புதுப் பெயின்ட்டில் பளபளவென்று இருந்தது. தெர்மல் கேமராவில் அதன் கீழ்ப்பகுதி மட்டும் குளிர்ச்சியாகத் தெரிந்தது. கேமரா காட்டுவது வெப்ப வித்தியாசத்தைத்தான், அதை வைத்து ஈரம் என்று முடிவு கட்டக் கூடாது என்றார். ஈரப்பதம் அளக்கும் கருவியை அதே இடத்தில் வைத்து உறுதி செய்துகொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. அங்கே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். தண்ணீர் வடிகால் பக்கம் போகாமல் அந்தச் சுவர் ஓரமாகவே தேங்கி நின்றது. தரைக்கு வாட்டம் சரியில்லை, டைல்ஸ் இடுக்கில் பூச்சும் உதிர்ந்திருந்தது. பெயின்ட் அடித்தவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடிய விரிசலைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயந்திருந்தேன். சுவரின் மறுபக்கத்தில் அது இல்லை, அகலமும் மயிரிழைதான். அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதினார். மூன்று மாதம் கழித்து கோட்டைத் தாண்டியிருந்தாலோ அகலம் கூடியிருந்தாலோ கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள் என்றார். பயமுறுத்தவும் இல்லை, ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் இல்லை. இந்தப் பக்குவம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

குழாய் எல்லாவற்றையும் மூடிவிட்டு வாட்டர் மீட்டரைப் பார்த்தோம், முள் அசையவில்லை. கேஸ் குழாய் இணைப்பில் சோப்பு நுரை தடவினார், குமிழ் வரவில்லை. சமையலறையில் இரண்டு பிளக் பாயின்ட்டுக்கு எர்த் இல்லை.

குறைகளும் உண்டு. மேல்கூரையைப் பார்க்கவில்லை. ஏணி கொண்டுவரவில்லை என்பது காரணம். வீட்டைச் சோதிக்க வருகிறவர் ஏணி இல்லாமல் வரலாமா? முன்பதிவு செய்தபோது இதை யாரும் சொல்லவும் இல்லை. அப்புறம் அந்த அறிக்கை. 60 பக்கம், அறை அறையாகப் பிரித்து, கதவுக் கீல் சத்தம் போடுவது 3-ஆம் பக்கத்தில், உயிர் போகிற ஆர்சிசிபி விஷயம் 41-ஆம் பக்கத்தில். கூடவே நடந்திருக்காவிட்டால் எனக்கு எது அவசரம் என்றே புரிந்திருக்காது. அதனால் இவர்களை அழைப்பவர்கள் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். அந்த மூன்று மணி நேரமும் கூடவே நின்று கேள்வி கேளுங்கள், அலுக்காமல் பதில் சொல்கிறார்கள்.

5-க்கு 4 தருவேன். வாங்கும் முன்பே அழைத்திருந்தால் ஓதச் செலவை விலையில் பேசியிருக்கலாம், அது எங்கள் தவறு. கூரைக்காக மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன், இந்த முறை ஏணியோடு.