வன்தட்டு பழுதாகும் நாளில்: மேசைக்கணினிக்கான நான்கு ரெய்டு மென்பொருள்கள்

பல தட்டுகளை இணைத்து, ஒன்று பழுதானாலும் தரவு தப்புமாறு செய்யும் ரெய்டு மென்பொருள்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் முதலில் வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு முதல் நான்கு தட்டுகள் வரை உள்ள ஒரு மேசைக்கணினியில் அந்த வேறுபாட்டை அன்றாட வேலையில் உணர்வது அரிது. ஒரு தட்டு பழுதாகும் நாளிலோ மென்பொருளுக்கு மென்பொருள் நடத்தை முற்றிலும் மாறுபடும். ஆகவே லினக்ஸின் எம்டிஆடம், பிடிஆர்எஃப்எஸ், லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் இயங்கும் இசட்எஃப்எஸ், விண்டோஸின் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் ஆகிய நான்கையும் அந்த நாளை மனத்தில் வைத்தே இங்கு எடைபோடுகிறேன். இவற்றில் எதுவும் பேக்கப்புக்கு மாற்றாகாது என்பதை வாசகர் அறிவார் எனக் கொள்கிறேன்.

தட்டு அடியோடு நின்றுபோவது எளிய பழுது. அதை நான்குமே கண்டுகொள்ளும். கடினமானது, தட்டு எந்தப் பிழையையும் அறிவிக்காமல் தவறான தரவைத் திருப்பித் தரும் பழுது. ஒரே தரவை இரு தட்டுகளிலும் வைக்கும் எம்டிஆடமின் ரெய்டு 1 அமைப்பில் இரண்டு தட்டுகளும் ஒரே இடத்தில் வெவ்வேறு தரவை வைத்திருந்தால், சோதனை ஓட்டத்தின்போது பொருந்தாத இடங்களின் எண்ணிக்கை மட்டுமே கிடைக்கும். எந்தப் பிரதி சரி என்பதை அறிய அதனிடம் வழியில்லை. பழுதுநீக்கச் சொன்னால் ஒரு பிரதியை எடுத்து மற்றொன்றின் மேல் எழுதிவிடும், அந்த ஒன்றே கெட்டதாக இருந்தாலும். இசட்எஃப்எஸ்ஸும் பிடிஆர்எஃப்எஸ்ஸும் ஒவ்வொரு தொகுதிக்கும் செக்சம் (தரவு மாறிவிட்டதா என்பதைக் காட்டும் சரிபார்ப்பு எண்) வைத்திருப்பதால், படிக்கும்போதே பொருத்தமின்மையைக் கண்டு, நல்ல பிரதியிலிருந்து தரவைத் தந்து, கெட்ட பிரதியையும் திருத்திவிடுகின்றன. என் கணினியில் இசட்எஃப்எஸ் நிலை அறிக்கையின் ரீட், ரைட் நிரல்கள் பூச்சியமாகவே இருக்க, செக்சம் நிரலில் மட்டும் ஒரு தட்டுக்கு நேரே எண் ஏறிக்கொண்டே போனது. தட்டை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றியதும் நின்றது. செக்சம் இல்லாத மென்பொருளாக இருந்திருந்தால் அந்தக் கேபிள் இன்றுவரை அதே இடத்தில் இருந்திருக்கும். ஸ்டோரேஜ் ஸ்பேசஸின் மேல் விண்டோஸின் வழக்கமான கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் இருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. விண்டோஸின் மற்றொரு கோப்பு முறைமையான ரெஃப்எஸ் இருந்தால் உண்டு. ஆனால் கோப்புகளின் உள்ளடக்கத்துக்கான சரிபார்ப்பை நாமே இயக்க வேண்டும். மேலும், ரெஃப்எஸ் உருவாக்கும் வசதி 2017-இல் விண்டோஸ் 10-இன் சாதாரண புரோ பதிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

அடுத்தது மீளமைப்பு. 8 டெராபைட் தட்டை மாற்றினால், அதில் ஒரு டெராபைட் மட்டுமே நிரம்பியிருந்தாலும் எம்டிஆடம் முழுத் தட்டையும் எழுதும். விநாடிக்கு 180 மெகாபைட் வேகம் சீராகக் கிடைத்தாலும் 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோப்பு முறைமையையும் தானே நடத்தும் இசட்எஃப்எஸ்ஸும் பிடிஆர்எஃப்எஸ்ஸும் பயன்பாட்டில் உள்ள பகுதியை மட்டும் எழுதுகின்றன. எஞ்சிய ஒரே தட்டை நம்பியிருக்கும் நேரத்தில் இந்த வேறுபாடு மிகப் பெரிது.

பழுதை அறிவிக்கும் விதத்தில் எம்டிஆடம் அடக்கமானது. நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்தால் இரு தட்டுகளும் நலமாக இருக்கையில் அடைப்புக்குறிக்குள் இரண்டு ‘யூ’ எழுத்துகள் நிற்கும். ஒன்று விழுந்தால் அவ்விடத்தில் ஓர் அடிக்கோடு வரும், அவ்வளவுதான். மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடு உண்டென்றாலும், வீட்டுக் கணினியில் அதை அமைத்து வைப்பவர்கள் குறைவு. பிடிஆர்எஃப்எஸ் இதற்கு நேரெதிர்: இரு தட்டு ரெய்டு 1-இல் ஒன்று காணாமற்போனால், குறைநிலையில் திறக்கச் சம்மதம் என்று நாம் வெளிப்படையாகச் சொல்லும்வரை திறக்கவே மறுக்கும். இயங்குதளமே அதில் இருந்தால் கணினி பாதி வழியில் நின்றுவிடும். இது எரிச்சலூட்டுவதுதான், ஆனாலும் பல வாரம் கவனிக்கப்படாமல் கிடக்கும் அடிக்கோட்டைவிட இதை நான் விரும்புவேன்.

வெவ்வேறு கொள்ளளவுள்ள பழைய தட்டுகளைச் சேர்ப்பதில் பிடிஆர்எஃப்எஸ்ஸும் ஸ்டோரேஜ் ஸ்பேசஸும் முந்துகின்றன. 4, 2, 2 டெராபைட் என மூன்று தட்டுகள் இருந்தால் இரண்டுமே இரட்டைப் பிரதி முறையில் ஏறத்தாழ 4 டெராபைட் இடம் தரும்; இசட்எஃப்எஸ்ஸில் மூன்றையும் ஒரே மிரராக (எல்லாத் தட்டிலும் ஒரே தரவு) அமைத்தால் 2 டெராபைட்தான். இசட்எஃப்எஸ்ஸின் பாரிட்டி அமைப்பில் (முழுப் பிரதிக்குப் பதில், இழந்த தரவைக் கணக்கிட உதவும் கூடுதல் தகவலை வைப்பது) பின்னர் ஒரு தட்டைக் கூட்டவும் நெடுங்காலம் வழியில்லாமல் இருந்தது. 2025 ஜனவரியில் வந்த ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3 பதிப்புதான் அதைத் தீர்த்தது. அப்போதும் முன்பு எழுதிய தரவு பழைய விகிதத்திலேயே நிற்கும். எம்டிஆடம் இதைப் பல ஆண்டுகளாகவே செய்துவருகிறது.

பாரிட்டி வேண்டுவோர் பிடிஆர்எஃப்எஸ் பக்கம் போக வேண்டாம். பாரிட்டி வகையான அதன் ரெய்டு 5, 6 அமைப்புகளை நம்ப வேண்டாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. எம்டிஆடமின் ரெய்டு 5-இல், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தரவும் பாரிட்டியும் முரண்படலாம். அதைத் தடுக்கும் பதிவு வசதியை நாமே இயக்க வேண்டும். ஸ்டோரேஜ் ஸ்பேசஸின் பாரிட்டி, எழுதும் வேகம் குறைவு என்று பெயர்பெற்றது. ஒரு தட்டில் ஒருமுறைக்கு எழுதும் துண்டளவு இயல்பாக 256 கிலோபைட்டாக இருந்து, என்டிஎஃப்எஸ் இடம் ஒதுக்கும் அலகோடு பொருந்தாதது அதற்கு ஒரு காரணம். மூன்று தட்டுகளில் துண்டளவை 32 கிலோபைட்டாகவும் என்டிஎஃப்எஸ் அலகை 64 கிலோபைட்டாகவும் வைத்தால் வேகம் பெரிதும் தேறும். கண்ட்ரோல் பேனல் திரையில் இந்தத் துண்டளவைக் கேட்கும் இடமே இல்லாததால் பவர்ஷெல் கட்டளைத் திரையில்தான் செய்ய வேண்டும். ஸ்டோரேஜ் ஸ்பேசஸிலிருந்து விண்டோஸைத் தொடங்க முடியாது என்பதையும் வாங்கும் முன் அறிந்திருப்பது நல்லது.

என் தேர்வு இதுதான்: ஒரே அளவுள்ள இரு தட்டுகளும் போதிய நினைவகமும் இருந்தால் இசட்எஃப்எஸ் மிரர், அளவு மாறுபட்டால் பிடிஆர்எஃப்எஸ் ரெய்டு 1, விண்டோஸை விட முடியாதவருக்கு ஸ்டோரேஜ் ஸ்பேசஸின் இருவழி மிரர். இசட்எஃப்எஸ் உரிமத்தின் காரணமாக லினக்ஸின் மையக்கருவான கெர்னலுக்கு வெளியே இருப்பதால், புதிய கெர்னல் வந்த அன்றே அதற்கு மாறும் பழக்கமுடையவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டியிருக்கும்.

எம்டிஆடமைத் தேர்ந்தெடுப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலிவான மேசைக்கணினித் தட்டுகள், படிக்க முடியாத ஓர் இடத்தை மீண்டும் மீண்டும் முயன்று ஒரு நிமிடத்துக்கு மேலும் எடுத்துக்கொள்வதுண்டு. லினக்ஸோ இயல்பாக 30 விநாடிதான் காத்திருக்கும். அதனால் ஒரே ஓர் இடம் கெட்ட தட்டு முழுவதுமாக வெளியே தள்ளப்படலாம். ஸ்மார்ட்சிடிஎல் கருவியால் தட்டின் முயற்சியை 7 விநாடியாகக் குறைக்கலாம். மின்சாரம் நின்றால் பல தட்டுகள் இதை மறந்துவிடுவதால், கணினி தொடங்கும்போதெல்லாம் அக்கட்டளை ஓடுமாறு எழுதிவைக்க வேண்டும். அந்த வசதியே இல்லாத தட்டுகளுக்கு லினக்ஸின் காத்திருப்பை 180 விநாடியாக உயர்த்துவதே வழி.