பழ ட்ரஃபிள்: மூன்று வருடம் வீட்டில் செய்து பார்த்ததில் தெரிந்தது

"சித்தி, சாக்லேட் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல ஆரஞ்சு எங்க?"

நான் முதன்முதலில் செய்த பழ ட்ரஃபிளை, அதாவது பழச்சுவை சேர்த்த சாக்லேட் உருண்டையை, வாயில் போட்டுக்கொண்டு அக்கா மகள் கேட்ட கேள்வி இது. மூன்று பெரிய கரண்டி ஆரஞ்சுச் சாறு ஊற்றிச் செய்திருந்தேன். உருண்டை இறுகாமல் தட்டில் தட்டையாகப் படிந்து கிடந்தது. வாசனையும் வரவில்லை. சாறு ஊற்றினால் சுவை வந்துவிடும் என்று நம்பியிருந்த எனக்கு, அது ஏன் வரவில்லை என்று தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது.

அன்றிலிருந்து மூன்று வருடமாக மாதம் இரண்டு முறையாவது செய்கிறேன். எந்தச் சாக்லேட், எத்தனை கிராம், எந்தப் பழம், மறுநாள் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். முதல் ஆறு மாதத்துப் பக்கங்களைப் புரட்டினால் பாதி இடங்களில் "இறுகவில்லை" என்றும், மீதி இடங்களில் "பழம் தெரியவில்லை" என்றும் எழுதியிருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று புரிய எனக்கு வெகுநாள் ஆனது. பழத்தோடு சேர்ந்து உள்ளே போகிற தண்ணீர்தான் அந்தக் காரணம்.

கணக்கைப் பார்த்தால் தெளிவாகிவிடும். ட்ரஃபிளின் உள்பகுதியான கனாஷ் என்பது சாக்லேட்டும் க்ரீமும் ஒன்றாகக் கலந்து நிற்பது. உருட்டுகிற பதத்துக்கு 200 கிராம் டார்க் சாக்லேட்டுக்கு 100 கிராம் க்ரீம் என்பது வழக்கமான அளவு. கொழுப்பு 35% உள்ள க்ரீம் 100 கிராமில் ஏறத்தாழ 60 கிராம் தண்ணீர். ஸ்ட்ராபெரியில் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். மாம்பழத்தில் 80 சதவீதத்துக்கு மேல். ஆகவே அந்தக் கனாஷில் 60 கிராம் ஸ்ட்ராபெரிக் கூழைக் கொட்டினால் உள்ளே இருக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. அப்புறம் அது எப்படி உருண்டையாக நிற்கும்? சரி, கூழைக் குறைத்துக்கொள்வோம் என்றால் பழத்தின் ருசி சாக்லேட்டுக்கு அடியில் போய்விடுகிறது. அதனால் இப்போதெல்லாம் ஒரு புதுப் பழத்தை எடுக்கும்போது, இதன் வாசனையைத் தண்ணீர் இல்லாமல் எப்படி உள்ளே கொண்டுபோவது என்பதைத்தான் முதலில் யோசிக்கிறேன். இதற்குப் பழத்துக்குப் பழம் விடை வேறு.

ஆரஞ்சு, எலுமிச்சைக்கு விடை தோலில் இருக்கிறது. வாசனை எண்ணெய் பெரும்பாலும் தோலின் மேல்பகுதியில்தான். சாற்றில் அதிகம் இருப்பது புளிப்பும் இனிப்பும்தான். இந்த எண்ணெய் கொழுப்பில் நன்றாகக் கரையும் என்பதால் க்ரீம் அதை அப்படியே இழுத்துக்கொள்ளும். ஒரு ஆரஞ்சின் நிறமுள்ள தோலை மட்டும் மெல்லியதாகத் துருவி 100 கிராம் க்ரீமில் போட்டு, ஆவி வரும்வரை சூடாக்கி, மூடி அரைமணி நேரம் வைத்துவிடுகிறேன். அடியில் உள்ள வெள்ளைப் பகுதி விழுந்தால் கசக்கும். வடிகட்டிய பிறகு க்ரீமை மறுபடி எடை போட வேண்டும், ஏனென்றால் துருவல் கொஞ்சம் க்ரீமைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். குறைந்ததை ஊற்றி 100 கிராமாக்கி, மறுபடி சூடாக்கிச் சாக்லேட்டில் ஊற்றினால் முடிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும் என்பேன். அக்கா மகள் இரண்டாம் முறை கேள்வி எதுவும் கேட்காமல் நான்கு உருண்டை சாப்பிட்டாள்.

ராஸ்பெரி, பேஷன் ஃப்ரூட் இரண்டையும் சுண்டவைத்துச் சேர்க்கிறேன். விதை நீக்கி வடிகட்டிய கூழ் 100 கிராமை மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் 50 கிராமாக இறங்கும். பாத்திரத்தோடு எடை போட்டுப் பார்த்துக்கொண்டே செய்தால் சந்தேகம் இருக்காது. கண்ணளவை நம்பி நான் பல முறை ஏமாந்திருக்கிறேன். இந்த 50 கிராமோடு க்ரீம் 50 கிராம். மொத்த ஈரம் 100 கிராம் என்று வைத்துக்கொண்டு சாக்லேட்டின் அளவை முடிவு செய்ய வேண்டும்: டார்க் என்றால் 200 கிராம், மில்க் என்றால் 250, ஒயிட் என்றால் 300. மில்க், ஒயிட் சாக்லேட்டில் கொக்கோவின் பங்கு குறைவு, அதனால்தான் அதிகம் தேவைப்படுகிறது. கடைசியில் 15 கிராம் வெண்ணெய்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒருமுறை ராஸ்பெரிக் கூழையும் க்ரீமையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கொதிக்கவிட்டேன். புளிப்பும் சூடும் சேர்ந்து க்ரீம் திரிந்துபோனது. இப்போது இரண்டையும் தனித்தனியாகச் சூடாக்குகிறேன். முதலில் க்ரீமைச் சாக்லேட்டில் ஊற்றி நடுவிலிருந்து மெதுவாகக் கலக்கி, பளபளப்பு வந்த பிறகு வெதுவெதுப்பான கூழை இரண்டு மூன்று தவணையாகச் சேர்க்கிறேன். அதற்குப் பிறகு திரியவே இல்லை.

ஸ்ட்ராபெரியைச் சுண்டவைக்காதீர்கள். சுண்டினால் ஜாம் வாசனைதான் வரும், அந்தப் பச்சைப் பழ மணம் போய்விடும். இதற்கு உறையவைத்து உலர்த்திய பழப்பொடிதான் சரி. தண்ணீர் கிட்டத்தட்ட இல்லாத பழம் அது. 100 கிராம் க்ரீமுக்கு 12 கிராம் பொடி போடுகிறேன். பொடி கொஞ்சம் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் ஒயிட் சாக்லேட் 270 கிராமே போதுமாக இருக்கிறது. நிறமும் அழகான இளஞ்சிவப்பு. விலை கூடுதல்தான், ஆனால் மூன்று வருடத்தில் இதற்குச் செலவழித்ததைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள். நான் ஒருமுறை வாங்கியதில் பாதிக்குமேல் சர்க்கரையும் மாவுச்சத்தும் இருந்ததைப் பிரித்த பிறகுதான் கவனித்தேன். பழம் ஒன்றே உட்பொருளாக இருக்க வேண்டும். திறந்த பொடி காற்றின் ஈரத்தை வேகமாக உறிஞ்சிக் கட்டியாகிவிடும், எனவே இறுக்கமான டப்பா அவசியம். உருண்டையின் மேலே இந்தப் பொடியைத் தூவினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சில மணி நேரத்தில் நசநசக்கத் தொடங்கும். பரிமாறுவதற்குக் கொஞ்சம் முன்னால் தூவுவதே நல்லது.

அன்னாசி, கிவி, பப்பாளி மூன்றிலும் புரதத்தை உடைக்கிற என்சைம்கள் இருக்கின்றன. பச்சையாக அரைத்துக் க்ரீமோடு சேர்த்தால் பால் புரதம் உடைந்து கசப்பு வரும். அன்னாசிக் கனாஷ் ஒன்றைச் செய்த அன்று ருசியாக இருந்தது, மறுநாள் காலையில் வாயில் வைக்க முடியவில்லை. கூழை நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டால் அந்த என்சைம் செயலிழந்துவிடும்.

எசன்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வருடம் நிறையப் பயன்படுத்தினேன், இப்போது அலமாரியில் ஒரு பாட்டில்கூட இல்லை. பழ மிட்டாய் ருசிதான் வருகிறது. அதோடு, உருக்கிய சாக்லேட்டில் நேரடியாகச் சில துளி விட்டால் அந்தக் கொஞ்ச ஈரத்துக்கே சாக்லேட் மணல்போல இறுகிவிடும். ஈரம் பட்ட சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்வதுதான் காரணம். மேல்பூச்சுக்குச் சுவை வேண்டுமென்றால் எண்ணெய் வகை ஆரஞ்சு வாசனையை மட்டும் சேர்க்கலாம்.

எந்தப் பழத்துக்கு எந்தச் சாக்லேட் என்பதில் என் மனம் பல முறை மாறியிருக்கிறது. இப்போதைக்கு ராஸ்பெரிக்கு 60 சதவீத டார்க். எழுபதுக்கு மேல் போனால் பழம் பின்னால் தள்ளப்படுகிறது, கனாஷும் எளிதில் பிரிகிறது. பேஷன் ஃப்ரூட்டுக்கு மில்க் சாக்லேட். அந்தப் புளிப்பையும் அந்த இனிப்பையும் ஒன்றாகச் சாப்பிடும்போது இரண்டும் தனியாக இருப்பதைவிட மேலாகத் தெரிகிறது. டார்க் பக்கமே வராத அக்கா இதை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். என் நோட்டில் அதிக முறை வந்திருப்பதும் இதுதான். மாம்பழம் எனக்கு இன்னும் முழுத் திருப்தி தரவில்லை. ஒயிட் சாக்லேட்டோடு சேர்த்தால் வெறும் தித்திப்பு. சுண்டிய கூழில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்ட பிறகுதான் மாம்பழம் என்று நாக்கு கண்டுகொள்கிறது.

கனாஷ் பிரிந்துபோனால், அதாவது மேலே எண்ணெய் மிதந்து திப்பிதிப்பியாகத் தெரிந்தால், பயந்து கொட்டிவிட வேண்டாம். நான் முதல் வருடம் மூன்று முறை கொட்டியிருக்கிறேன், அதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது. 40 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக்கி, ஒரு கரண்டி சூடான பால் விட்டு, கை பிளெண்டரின் தலை முழுக்க மூழ்கும்படி வைத்துக் காற்று புகாமல் அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். வாங்கிய கருவிகளில் நான் மெச்சுவது இந்தப் பிளெண்டரைத்தான். அடுத்து டிஜிட்டல் தராசு, அதற்கடுத்து குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர். சிலிகான் அச்சு வாங்கினேன், கிட்டத்தட்ட பயன்படுத்துவதே இல்லை. கையால் உருட்டிய ட்ரஃபிளின் மேடு பள்ளம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

கனாஷின் மேல் படும்படி பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் உருட்டலாம். ஒன்று 12 முதல் 15 கிராம். உள்ளங்கைச் சூட்டுக்கு இளகிவிடும் என்பதால் கையுறை போட்டு, கொக்கோ பொடி தொட்டு வேகமாக உருட்ட வேண்டும்.

மேல்பூச்சு இல்லாமல் கொக்கோ பொடியில் புரட்டியும் நிறுத்திக்கொள்ளலாம். நான் ஒரு வருடம் அப்படித்தான் செய்தேன். பூச்சு வேண்டுமென்றால் டெம்பரிங் செய்தாக வேண்டும், அதாவது சாக்லேட்டை உருக்கி, குளிரவைத்து, மறுபடி கொஞ்சம் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். வெறுமனே உருக்கி முக்கியெடுத்தபோது மறுநாளே சாம்பல் நிறக் கோடுகள் வந்தன. கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகக்கூடியது. அதில் ஐந்தாவது வடிவம்தான் பளபளப்பையும் 'டப்'பென்று உடைகிற தன்மையையும் தரும். டார்க் சாக்லேட்டை 45–50 டிகிரி வரை உருக்கி, உருக்காமல் எடுத்து வைத்த மூன்றில் ஒரு பங்குத் துண்டுகளைப் போட்டுக் கலக்கி 28க்கு இறக்கி, மறுபடி 31–32க்கு ஏற்றுகிறேன். மில்க், ஒயிட் இரண்டுக்கும் இந்தக் கடைசி அளவு ஓரிரு டிகிரி குறைய வேண்டும். கத்தி முனையில் தொட்டு வைத்தால் குளிர்ந்த அறையில் ஐந்து நிமிடத்துக்குள் பளபளப்பாக இறுக வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. காம்பவுண்ட் சாக்லேட்டில் இந்த வேலையே இல்லை, ஆனால் அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. நிஜச் சாக்லேட் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழேயே உருகி வழிவிடுவதால் பழ வாசனை சட்டென்று மேலே வருகிறது. காம்பவுண்டில் அந்தக் கணம் எனக்குக் கிடைக்கவில்லை.

உருண்டையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் முக்கினால் பூச்சில் விரிசல் விழும். குளிர்ந்த கனாஷ் வெதுவெதுப்பாகும்போது விரிவதே காரணம். இருபது நிமிடம் வெளியே வைத்து, முதலில் உள்ளங்கையில் கொஞ்சம் சாக்லேட் எடுத்து மெல்லியதாகப் பூசி, அது இறுகிய பிறகு முக்கினால் விரிசல் மிகவும் குறைகிறது.

பழம் சேர்ந்த ட்ரஃபிளை நான் ஃப்ரிட்ஜில் ஒரு வாரத்துக்கு மேல் வைப்பதில்லை. மூடிய டப்பாவில் வைத்து, சாப்பிடும் முன் டப்பாவைத் திறக்காமலே அரைமணி நேரம் வெளியே வைக்கிறேன். உடனே திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் சாக்லேட்டின் மேல் வேர்த்து, காய்ந்ததும் வெள்ளைப் படலம் விட்டுவிடும்.

இப்போது இரண்டடுக்கு ட்ரஃபிள் ஒன்றில் இறங்கியிருக்கிறேன். கீழே மில்க் கனாஷ், மேலே பெக்டின் (ஜாம், ஜெல்லியை இறுகவைக்கும் பழநார்ப் பொருள்) சேர்த்துக் காய்ச்சிய பேஷன் ஃப்ரூட் ஜெல்லி. பழத்தின் தண்ணீரைச் சர்க்கரையும் பெக்டினும் பிடித்து வைத்துக்கொண்டால் கனாஷுக்குப் போகாது என்பது என் எண்ணம். முதல் முறை 103 டிகிரியில் இறக்கிவிட்டேன், மறுநாள் ஜெல்லி நீர்விட்டு அடுக்குகள் வழுக்கின. போன வாரம் 107 வரை காய்ச்சினேன். இன்று நான்காவது நாள், வெட்டிப் பார்த்தேன்: கனாஷ் இறுக்கமாக இருக்கிறது, ஜெல்லியின் ஓரம் ஈரமில்லாமல் இருக்கிறது, கத்தியில் ஒட்டவில்லை.