பழைய தேக்கு நாற்காலிக்கு எந்தத் துணி, எந்த நிறம்? கேன்வாஸ், ஜமக்காளம், வெல்வெட், ரெக்சின் ஓர் ஒப்பீடு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கியதோ, வீட்டுப் பரணிலிருந்து இறக்கியதோ, பழைய பர்மா தேக்கு நாற்காலியில் மரம் அநேகமாக நன்றாகவே இருக்கும். போயிருப்பது இருக்கைதான். குஷன் கடைக்காரர் எடுத்த எடுப்பில் மாதிரிப் புத்தகத்தை நீட்டுவார். அதைத் திறக்கும் முன் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். இருக்கை தனிப் பலகையாகக் கழன்று வருகிறதா?

கழன்று வந்தால், துணியின் தடிமன்தான் முதல் கேள்வி. பலகைக்கும் நாற்காலிச் சட்டத்துக்கும் நடுவில் ஒவ்வொரு பக்கமும் 2 முதல் 3 மி.மீ. இடைவெளிதான் இருக்கும். தடித்த துணியைச் சுற்றிப் பலகையைத் தட்டி இறக்கினால் மூலை மூட்டு பிளந்துகொள்ளும். வாங்கப்போகும் துணியில் ஒரு பட்டையைப் பலகையின் இரண்டு ஓரத்திலும் மடித்துப் போட்டு, கையால் அழுத்தினாலே உட்காருகிறதா என்று பாருங்கள். இறுக்கமாக இருந்தால், அடியில் பழைய துணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆணியடித்துக் கிடக்கலாம்; எல்லாவற்றையும் பிரித்தாலே இடம் கிடைத்துவிடும். அப்படியும் போதாவிட்டால் பலகையின் ஓரத்தை ஒரு மி.மீ. இழைக்கலாம். நாற்காலிச் சட்டத்தில் மட்டும் இழைப்புளி வைக்கக் கூடாது.

இந்த வகை இருக்கைக்குப் பருத்தி கேன்வாஸ்தான் எங்கள் முதல் தேர்வு. வீட்டு உபயோகத் துணிகளுக்குப் பேர்போன கரூரில் நெய்யும் கேன்வாஸோ, நூல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து நெய்யும் மேட்டியோ 300 முதல் 350 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) எடையில் இருந்தால் போதும். மூலையில் மடிப்பு மெலிதாகப் படியும், காற்றோட்டம் இருக்கும், வெயில் காலத்தில் முதுகு வேர்த்து ஒட்டாது. குறை என்றால் சுருங்கும் என்பதுதான். வெட்டும் முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். உராய்வுத் தாங்கும் திறனை மார்ட்டின்டேல் கணக்கில், அதாவது எத்தனை முறை தேய்த்தால் தாங்கும் என்ற எண்ணில், சொல்கிற துணியாக இருந்தால், வீட்டுக்கு 20,000க்குக் குறையாமல் கேளுங்கள்.

பவானி ஜமக்காளத்தை நாற்காலிக்குப் போட ஆசைப்படுபவர்கள் நிறையப் பேர். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் குழித்தறித் துணிக்கு நிகரான கோடுகள் வேறு எதிலும் இல்லை. கரும்பழுப்புத் தேக்கில் அந்தச் சிவப்பும் பச்சையும் அபாரமாக எடுக்கும். ஆனால் கழன்று வரும் பலகைக்கு அது ஆகாது, அத்தனை தடிமன். ஸ்பிரிங் வைத்து, துணியைச் சட்டத்தின் மேலேயே அடிக்கிற சாய்மான நாற்காலிக்குத்தான் ஜமக்காளம். அதிலும் இரண்டு கவனம் வேண்டும். குறுக்கே ஓடும் ஊடை நூல், நீளவாக்கில் ஓடும் பாவு நூலை முழுக்க மூடியிருப்பதால் வெட்டிய இடத்தில் நூல் பிரிந்து ஓடும். வெட்டும் கோட்டின் இருபுறமும் முதலில் தையல் ஓட்டிவிட வேண்டும். சாயமும் இறங்கலாம். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்து, கறை வந்தால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள்.

பாலியஸ்டர் வெல்வெட் கடையில் மின்னும். கடலோர ஊரில், மின்விசிறிக்குக் கீழே, அது தூசியையும் சூட்டையும் பிடித்துவைக்கும். ரெக்சின் துடைக்க எளிது, ஆனால் பியூ (பாலியூரித்தேன்) வகை ஈரப்பதத்தில் சிதைந்து சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும். சின்னக் குழந்தை உள்ள வீட்டுச் சாப்பாட்டு நாற்காலி என்றால் பிவிசி ரெக்சின் வாங்கலாம். மற்றபடி நல்ல தேக்குக்கு இரண்டுமே வேண்டாம்.

நிறத்துக்கு வருவோம். பாலிஷ் முடியும் வரை முடிவெடுக்காதீர்கள். எண்ணெயும் புகையும் ஏறிக் கறுத்த தேக்கு, சுத்தம் செய்ததும் தேன் நிறத்துக்குத் திரும்பும். கறுப்பு மரத்துக்குப் பார்த்துவைத்த துணி அதில் நிற்காது. தேக்கின் பழுப்பில் ஆரஞ்சுச் சாயல் உண்டு. அதற்கு எதிர் நிறமான நீலம், குறிப்பாக அவுரி நீலமும் மயில் நீலமும், மரத்தைத் தூக்கிக் காட்டும். பலரும் பத்திரமான தேர்வு என்று எடுக்கும் காப்பிப் பழுப்புதான் மரத்தை அமுக்கிவிடுகிறது; துணியும் மரமும் ஒன்றில் ஒன்று கரைந்து செதுக்கு வேலையே கண்ணில் படாது. ஈட்டி மரமாக இருந்தால் கணக்கு மாறும். அதன் ஊதா கலந்த கருமைக்குக் கடுகு மஞ்சளோ, வெளுக்காத காடா நிறமோ பொருந்தும். ஒரு அடிச் சதுரத் துண்டாவது வாங்கி வந்து, பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, இரவில் வீட்டு விளக்கில் ஒருமுறை மரத்தோடு வைத்துப் பாருங்கள். மஞ்சள் விளக்கில் நீலம் மங்கும், வெள்ளை எல்இடியில் கடுகு பச்சையடிக்கும். தலை சாயும் இடத்தில் எண்ணெய்க் கறை நிச்சயம், அங்கே வெளிர் நிறம் வேண்டாம். ஜன்னலோர நாற்காலிக்கு, வெயிலில் எளிதில் வெளுக்காத வாட் சாயமிட்ட துணியே கேளுங்கள்.

அளவு: 18 அங்குலச் சதுர இருக்கைக்கு 26 அங்குலச் சதுரம் வெட்ட வேண்டும். 54 அங்குல அகலத் துணியில் வரிசைக்கு இரண்டு வரும். ஆக நான்கு நாற்காலிக்கு ஒன்றரை மீட்டர். பெரிய பூப்போட்டதாக இருந்தால், பூ நடுவில் உட்கார ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பூவின் நீளம் கூட்டிக்கொள்ளுங்கள். கீழே 40 டென்சிட்டி (கன மீட்டருக்கு 40 கிலோ) ஃபோம் 2 அங்குலம், அதன் மேல் காடாத் துணி ஒரு சுற்று. காடா இல்லாவிட்டால் ஃபோம் உராய்ந்து மேல்துணி உள்ளிருந்தே தேயும். ஸ்டேப்ளர் பின் அடிக்கும்போது முன்பக்க நடு, பின்பக்க நடு, பிறகு இரு பக்க நடு, அங்கிருந்து மூலையை நோக்கிப் போக வேண்டும். மூலையை முதலில் இழுத்து அடித்தால் கோடுகள் அலையாக வளையும், அதைப் பிறகு சரிசெய்ய முடியாது. புது பாலிஷ் ஒரு வாரமாவது காய்ந்த பிறகே பலகையை இறக்குங்கள்.

அதே சுருளிலிருந்து அரை மீட்டர் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சாயத் தொகுப்பில் அதே நீலம் அப்படியே வராது.