24 கன அடிக்குப் பணம், 17 கன அடிக்கு மரம்: இடித்த வீட்டுச் சாமான் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

செங்கோட்டை, புளியரை, பண்பொழிப் பக்கம் பழைய வீட்டை இடிக்காமல் சீர்செய்து குடியிருக்க நினைக்கிறவர்கள் முதலில் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். இங்குள்ள பல பழைய வீடுகளின் மச்சும் (கூரைக்குக் கீழே போட்ட மரத்தளம்) ஓட்டுக்கூரையும் மலைக்கு மேற்கே இருக்கிற வீடுகளின் சாயலில்தான் இருக்கும். ஒரு கைமரம் (ஓட்டுக்கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டம்) இத்துப்போனால் அதே கனத்தில், அதே ஜாதி மரத்தில் ஈடு தேடி ஆரியங்காவு தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. நாலுகெட்டு (நடுமுற்றம் வைத்த கேரள வீடு) இடித்த சாமானை அடுக்கி வைத்து விற்கிற யார்டுகள் அங்கேதான். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் எந்தக் கடையிலும் உதவும்.

நாங்கள் வாங்கியது இவ்வளவு: பலா இனத்து அயினிக் கைமரம் 24, மச்சுப் பலகை 40, குமிழ் வைத்த இரட்டைத் தேக்குக் கதவு நிலையோடு ஒன்று, சீமை ஓடு (மங்களூர் ஓடு) 1,700. அறுபது சதவீதம் முன்பணம், மீதி லாரி வந்ததும்.

கைமரத்திலிருந்து ஆரம்பிக்கலாம், பெரிய அடி அதில்தான். பில்லில் 4 அங்குலத்துக்கு 3 அங்குலம், 12 அடி நீளம். அங்குலத்தை அங்குலத்தால் பெருக்கி, அடியால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் ஒரு மரம் சரியாக 1 கன அடி. 24 மரம், 24 கன அடி. கன அடி 1,800 ரூபாய் மேனிக்கு 43,200. இறக்கிய மறுநாள் காலையில் டேப் வைத்துப் பார்த்தால் மூன்றரைக்கு இரண்டே முக்கால்தான் இருக்கிறது. அப்படியானால் ஒரு மரம் 0.8 கன அடி. கேட்டதற்கு, "இழைச்சதுல குறையும் அண்ணாச்சி" என்று பதில். மரத்தின் மேல் பழைய சாம்பல் நிறமும் வாச்சி (தச்சர் செதுக்கும் கருவி) செதுக்கிய தழும்பும் அப்படியே இருந்தன. இழைத்த மரத்தில் அது எப்படி மிஞ்சும்? "நாலுக்கு மூணு" என்பது யார்டில் அந்த ரகத்துக்கு வைத்த பெயர், அளவு அல்ல. ஒருவர் அளந்து சத்தமாகச் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொண்டே போனால் பெயரைத்தான் எழுதுகிறார்கள் என்று அர்த்தம். டேப் உங்கள் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு மரத்தையும் இரண்டு முனையிலும் நடுவிலும் அளந்து, மூன்றில் சின்ன அளவை எழுதுங்கள்.

நீளத்திலும் போச்சு. கைமரத்தின் கீழ்முனை இறவாணத்தில் (கூரையின் தாழ்ந்த ஓரத்தில்) சாரல் குடித்துக்கொண்டே இருந்த பகுதி, பெரும்பாலும் ஒன்றரை அடி வரை இத்துப்போயிருக்கும். வந்த மரங்களில் அந்த முனையை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மேலே அண்டி எண்ணெய் பூசியிருந்தார்கள். முந்திரித்தோட்டில் எடுக்கிற அந்தக் கறுப்பு எண்ணெய் மரத்துக்கு நல்லதுதான், கரையானுக்குக் காலங்காலமாக அடிப்பதுதான். ஆனால் அடித்த பிறகு நல்ல மரமும் கெட்ட மரமும் ஒரே கறுப்பு. ஒரு ஸ்குரூடிரைவரை முனையிலிருந்து நாலு நாலு அங்குலம் தள்ளிக் குத்திக்கொண்டே வாருங்கள். வைரம் (மரத்தின் கெட்டியான உள்பகுதி) இருக்கிற இடத்தில் நுனிகூட இறங்காது. இங்கே ஒரு அங்குலம் சும்மா போனது. (எண்ணெய் காயாமல் இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், தோலைப் பொசுக்கிவிடும்.) இத்ததை வெட்டிய பிறகு நின்றது பத்தரை அடி. ஆக ஒரு மரம் 0.7 கன அடி, 24-க்கும் சேர்த்து 17-க்குக் கொஞ்சம் குறைவு. பணத்தில் ஏறத்தாழ 12,900 ரூபாய். அதைவிட மோசம், 12 அடி தேவைப்படுகிற கூரைக்குப் பத்தரை அடி மரம் எட்டவே எட்டாது. அவை தார்சாவின் (முன்திண்ணைப் பகுதியின்) சின்னச் சரிவுக்குத்தான் ஆகும்.

இன்னொன்றும் கவனியுங்கள். மலையாளத்து வீட்டுக் கைமரங்களைக் குறுக்கே ஒரு கழி கோத்துக்கொண்டு போகும். அந்தத் துளை கன அடிக் கணக்கில் கழிபடாது, அது உங்கள் பேரம். ஆனால் துளை மரத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் இருந்தால் அந்தத் துண்டைக் கூரையில் ஏற்றாதீர்கள். அந்த இடத்தில் வெட்டிக் குட்டைச் சட்டமாக்கிக்கொள்ளலாம்.

மச்சுப் பலகையில் நடந்ததும் இதே கதைதான். ஒரு அங்குலக் கனம் என்று 20 கன அடி போட்டிருந்தார்கள். கையால் அறுத்த பலகை ஒரு ஓரம் ஒரு அங்குலம், மறு ஓரம் முக்கால் என்று கோணலாகத்தான் இருக்கும். அளந்தது தடித்த ஓரத்தை. இழைத்து மட்டம் பார்த்தால் முழுக்க முக்காலுக்கும் கீழே வந்துவிடும். ஒன்றரை அடி இடைவெளியில் போட்ட சட்டத்தின் மேல் அது நெல்மூட்டை தாங்காது. நடுவில் ஒவ்வொரு சட்டம் கூடுதலாகப் போட வேண்டி வந்தது, அந்த மரச்செலவு தனி.

இனி கதவு. யார்டில் காட்டியது ஒரு கதவு, வந்தது இன்னொன்று. நிலை மட்டும் அதேதான், அதிலிருந்த கண்ணும் வெடிப்பும் போட்டோவோடு ஒத்துப்போகின்றன. மாற்றியது இரண்டு கதவையும். கண்டுபிடித்தது கீலைக் கழற்றியபோது. கீல் உட்காருகிற குழிக்குள் சாயம் எட்டவில்லை, அங்கே வெள்ளை வெளேர் என்று ரப்பர் மரம். கீலைப் பிடித்திருந்ததும் ஸ்டார் ஸ்குரூ. நூறு வருஷத்துக் கதவில் ஒற்றை வெட்டு ஸ்குரூவோ அடித்த ஆணியோதான் இருக்கும். ஒன்றிரண்டு ஸ்டார் ஸ்குரூ இருந்தால் பின்னால் மாற்றியதாக இருக்கலாம், எல்லாமே ஸ்டார் என்றால் சந்தேகப்படுங்கள். கதவின் பின்பக்கம் சாய்வாக டார்ச் அடித்தால் வட்ட ரம்பம் போன வில் வில்லான கோடு தெரிந்தது. கைரம்பம் போட்டால் கோடு நேராக, முன்னும் பின்னும் ஒழுங்கில்லாமல் வரும். குமிழ் பித்தளை இல்லை, பித்தளை முலாம் போட்ட இரும்பு, காந்தம் ஒட்டிக்கொண்டது.

தேக்கா இல்லையா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வால்நட் சாயம் தடவினால் எதுவும் தேக்கு நிறம்தான். கதவின் அடிமுனையில், தரையைப் பார்க்கிற வெட்டு முகத்தில், புது பிளேடால் ஒரு சீவல் சீவுங்கள். தேக்கில் வளையம் வளையமாக, ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துவாரங்கள் வரிசையாகத் தெரியும், கையில் மெழுகு மாதிரி வழுக்கும், தோல் மணம் அடிக்கும். ரப்பர் மரத்தில் அப்படி வளையம் இல்லை. பலாவும் அயினியும் உள்ளே மஞ்சளோ தவிட்டுப் பழுப்போ காட்டும். மேலே கறுப்பு, ஒரு இழை உள்ளே வெள்ளை என்றால் அது வெள்ளைப்பகுதி அல்லது வேறு மரம், உளுக்கிறதும் அதுதான் முதலில்.

உளு (மரத்தைத் துளைக்கிற பூச்சி) விஷயத்தில் "மருந்து அடிச்சாச்சு" என்பதை நம்ப வேண்டாம். மரத்துக்குக் கீழே கறுப்புச் சார்ட் பேப்பர் விரித்து இரண்டு ராத்திரி விடுங்கள். மைதா மாதிரி தூள் விழுந்திருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. வெறும் துளை மட்டும் இருந்து தூள் விழவில்லை என்றால் பெரும்பாலும் பழைய கதை. உயிரோடிருந்தால் 10 லிட்டர் சுடுதண்ணீரில் 300 கிராம் வெங்காரமும் (போராக்ஸ்) 200 கிராம் போரிக் பவுடரும் கரைத்து, மரம் குடிக்கிற வரை பிரஷ்ஷால் இரண்டு தரம் கொடுக்கலாம். ஆனால் எண்ணெயோ வார்னிஷோ ஏறிய மரம் இதைக் குடிக்காது, முதலில் சுரண்டியாக வேண்டும். மழை படுகிற இடத்தில் கழுவிக்கொண்டு போய்விடும்.

சுரண்டுவது என்றதும் கதவின் பழைய பச்சைப் பெயின்ட் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய அடுக்குகளை மிஷின் வைத்து உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள், குழந்தைகள் இருக்கிற வீட்டில் அறவே வேண்டாம். ரிமூவர் தடவி, ஊறவைத்து, ஈரத்தோடு வழித்து எடுங்கள்.

ஆணி: "எல்லாம் எடுத்தாச்சு" என்றார்கள். எடுக்கவில்லை, தலையை வெட்டிவிட்டு மேலே பட்டி பார்த்திருந்தார்கள். இழைப்பு மில்லில் பிளேடு போனால் அந்தச் செலவு மரத்துக்காரர் தலையில். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை நூலில் கட்டி மரத்தின் மேல் ஒரு விரல்கடை உயரத்தில் நகர்த்திக்கொண்டே போனால் ஆணி இருக்கிற இடத்தில் இழுக்கும். அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். எங்கள் 40 பலகையில் அறுபதுக்கும் மேல் வட்டம்.

ஓட்டுக்கு வருவோம். "வெள்ளைக்காரன் காலத்து ஓடு" என்று விற்றார்கள். சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ சபையான பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் 1865-இல் தொடங்கியது இந்த ஓடு. பிறகு கோழிக்கோடு, பெரோக், கொல்லம் என்று கடற்கரை நெடுக ஆலைகள் வந்தன. ஒவ்வொரு ஆலைக்கும் அச்சு வேறு, பின்பக்கம் முத்திரை இருக்கும். வந்த 1,700-இல் மூன்று முத்திரை கலந்திருந்தது, மேலே ஒரே சிவப்பு ஆக்சைடு அடித்து மறைத்திருந்தார்கள். அச்சு மாறினால் ஓட்டின் உதடு பக்கத்து ஓட்டில் உட்காராது. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் ஒரு வரிசைக்குக் கால் அங்குலம் வித்தியாசம் வந்தால் பதினாலு வரிசையில் மூன்றரை அங்குலம். ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) அடித்த இடைவெளி தப்பிப்போகும், சாரல் உள்ளே வரும், ஆடிக்காற்றில் தூக்கும்.

இதைத் தரையிலேயே பார்த்துவிடலாம். ஒரே முத்திரையில் 11 ஓட்டை மேலும் கீழுமாகக் கோத்து அடுக்கி, இழுத்த நிலையில் முதல் ஓட்டின் கொக்கியிலிருந்து கடைசி ஓட்டின் கொக்கி வரை அளங்கள், பிறகு நெருக்கித் தள்ளி அளங்கள். இரண்டுக்கும் நடுவான அளவைப் பத்தால் வகுத்தால் ரீப்பர் இடைவெளி வரும், வழக்கமாகப் பன்னிரண்டரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். அடுத்த முத்திரைக்கும் அதே அளவு வந்தால் கலக்கலாம். வராவிட்டால் ஒரு சரிவுக்கு ஒரு முத்திரை என்று பிரித்துவிடுங்கள். கீறல் பார்க்க ஓட்டை ஓரத்தில் தூக்கிப் பிடித்து நாணயத்தால் தட்டுங்கள், கணீர் என்றால் நல்லது, பொத்தென்றால் தள்ளுங்கள். பத்தில் ஒரு ஓட்டின் மேல் களிமண் வரப்பு கட்டி ஒரு ராத்திரி தண்ணீர் நிறுத்தி, காலையில் அடியில் சொட்டுகிறதா பாருங்கள்.

எண்ணிக்கை: 100 சதுர அடிக்கு 150 ஓடு, உடைசலுக்குப் பத்து சதவீதம். இது கூரைச் சரிவின் பரப்புக்கு, தரைப் பரப்புக்கு அல்ல. 30 டிகிரி சரிவில் ஆயிரம் சதுர அடித் தரைக்கு மேலே சுமார் 1,155 சதுர அடி கூரை வரும்.

லாரி வந்தது சாயங்காலம் ஆறரைக்கு, சாரலில். நனைந்த மரம் எல்லாம் தேக்காகத்தான் தெரியும். "வாடகை ஏறுது, இறக்குங்க, மீதியப் போடுங்க" என்ற அவசரத்தில் மீதிப் பணமும் போனது. சாயங்கால லோடு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யார்டில் பேசி முடித்த அன்றே ஒவ்வொரு மரத்தின் வெட்டு முகத்திலும் உளியால் உங்கள் குறியை வெட்டுங்கள்; சாக்பீஸ் குறியை அழித்து வேறு மரத்தில் போட இரண்டு நிமிஷம் போதும். கதவென்றால் இரண்டு கதவிலும் தனித்தனியாக வெட்டுங்கள், நிலையில் மட்டும் வெட்டினால் எங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். தேக்கு, ஈட்டி மரம் இருந்தால் வனத்துறைக் காகிதம் என்ன வேண்டும் என்று இரண்டு பக்கத்து ரேஞ்ச் அலுவலகத்திலும் கேட்டுவிட்டு லாரி பிடியுங்கள், பழைய மரம் என்றால் கேட்கமாட்டார்கள் என்று யார்டில் சொல்வதை நம்பிப் போகாதீர்கள்.

கடைசியாக பில். புகார் கொடுக்க வழி இருக்கிறது: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் கேரளத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருஷத்துக்குள். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்தும் பதியலாம். ஆனால் எங்கள் கையில் இருக்கிற பில்லில் எழுதியிருப்பது "பழைய மரம், ஓடு – ஒரு லோடு" என்று மட்டும்தான். இப்போது அவர்கள் கதவை மட்டும் மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள், கைமரத்துக்கும் ஓட்டுக்கும் பேச்சே இல்லை. நீங்கள் வாங்கும்போது இப்படி எழுதி வாங்குங்கள்: "அயினிக் கைமரம் 24, ஒவ்வொன்றும் குறைந்தது 3½ × 2¾ அங்குலம், இத்த முனை நீக்கி 12 அடி, வெட்டு முகத்தில் வாங்குபவர் குறி, தேக்குக் கதவு 2, சட்டமும் பலகையும் தேக்கு, குமிழ் பித்தளை, ஓடு 1,700, ஒரே முத்திரை." எழுத மறுத்தால் முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த யார்டுக்குப் போங்கள்.