1/35 ‘ஃப்யூரி’ ஷெர்மன்: சில மழைக்காலங்கள் அலமாரியில் நின்ற பிறகு

பிளாஸ்டிக் டேங்க் மாடல் கிட் விமர்சனங்களில் முக்கால்வாசி பெட்டியைத் திறந்த சூட்டில் எழுதப்படுபவை. வார்ப்பு எவ்வளவு கூர்மை, எங்கே பிசிறு, டீகால் (நனைத்து ஒட்டும் எழுத்துப் படலம்) எத்தனை ஷீட் என்பதோடு முடிந்துவிடும். வினைல் செயின் சக்கரத்தை உருக்குவதும், மரக்கட்டைக்கு வைத்த சுள்ளி சுருங்கிக் கயிறு தொங்குவதும், வெள்ளை எழுத்து பழுப்பேறுவதும் அப்போது தெரியாது. இரண்டு மூன்று மழைக்காலம் போனால்தான் மாடல் தன் குறைகளைச் சொல்ல ஆரம்பிக்கும். இங்கே எழுதுவது அதைப் பற்றித்தான். எடுத்துக்கொண்டது 2014-ல் வந்த ‘ஃப்யூரி’ படத்தின் ஷெர்மன் என்ற அமெரிக்க டேங்க், 1/35 அளவில். துணைக்கு அதே படத்து ஜெர்மன் டேங்க் டைகரும், வேறு படங்களின் போலி டைகர்களும்.

முதலில் எந்த டேங்க் என்று முடிவு செய்ய வேண்டும். படத்தில் அது எம்4ஏ3இ8 என்ற ஷெர்மன் வகையின் வேடத்தில் வருகிறது. கேமரா முன் ஓடியது இங்கிலாந்தின் போவிங்டன் டேங்க் மியூசியத்துக்குச் சொந்தமான எம்4ஏ2. பீரங்கி அதே 76 மி.மீ., சஸ்பென்ஷனும் அதே அகலச் செயின் எச்விஎஸ்எஸ் (கிடைமட்டச் சுருள்வில் அமைப்பு). எஞ்சின்தான் வேறு: ஏ3-ல் ஃபோர்டு ஜிஏஏ வி8 பெட்ரோல், ஏ2-ல் இரண்டு ஜிஎம் டீசல்களைச் சேர்த்துக் கட்டியது. எஞ்சின் மாறினால் அதன் மேல்தட்டும் பின்பக்கமும் மாறும்.

டாமியா கம்பெனியின் 35346, அதாவது ‘ஈஸி எய்ட்’ கிட், ஏ3. கதையின் டேங்க் வேண்டுமென்றால் அதை அப்படியே கட்டலாம். உள்ளதிலேயே தலைவலி குறைந்த வழி இதுதான். மியூசிய வண்டியே வேண்டும் என்பவர்கள் சோவியத்துக்குப் போன எம்4ஏ2 76 மி.மீ. கிட் ஒன்றின் உடலை எடுத்து, ஏ3 கிட்டின் எச்விஎஸ்எஸ் போகிகளை (சக்கரத் தொகுதிகளை) மாட்ட வேண்டும். இரண்டு கிட்டின் விலை. போகி பொருந்தும் துளைகள் இரண்டு கம்பெனியில் ஒரே இடத்தில் இருக்காது, அடைத்துத் திரும்பத் துளைக்க வேண்டும். நடு வழியும் உண்டு. ஏ3-ஐயே கட்டி, எஞ்சின் மேல்தட்டில் தார்ப்பாய்ச் சுருளும் மூட்டையும் ஏற்றினால் வித்தியாசத்தில் பாதி கண்ணில் படாது. அலமாரியில் பார்ப்பவர்கள் பின்பக்கம் குனிவதில்லை. குனிபவர் எப்படியும் நாலு தப்பு கண்டுபிடிப்பார்.

கட்டும் வேலையில் பெரும்பகுதி சக்கரம். எச்விஎஸ்எஸ்-ல் ஒரு போகிக்கு நாலு, பக்கத்துக்கு மூன்று போகி, ஆக 24 ரோட்வீல். ஒவ்வொரு டயரின் நடுவிலும் அச்சுக் கோடு ஓடும். விரலில் பிடித்து உப்புத்தாள் போட்டால் டயர் தட்டையாகிவிடும். சக்கரத்தை ஒரு பல்குத்தியில் இறுக்கி மினி டிரில்லில் மிகக் குறைந்த வேகத்தில் சுழலவிட்டு, 400 தாள், பிறகு 800 தாள். வேகம் கூடினால் பிளாஸ்டிக் சூடேறி இழுபடும். டயரின் கறுப்பை, வட்டத் துளை டெம்ப்ளேட்டை வைத்து ஏர்பிரஷ்ஷால் அடிப்பது சுலபம். அது இல்லாவிட்டால் கறுப்பை நன்றாக நீர்த்து, ரிம்மும் டயரும் சேரும் பள்ளத்தில் பிரஷ் நுனியைத் தொட்டால் தானே சுற்றி ஓடும்.

இனி செயின். இதற்குத்தான் அதிக இடம் தர வேண்டும், ஏனென்றால் கெட்டுப்போவதில் முதலில் நிற்பது இது. வினைல் மிருதுவாக இருக்கக் காரணம் அதில் கலந்திருக்கும் இளக்கி. அது வருடக்கணக்கில் மெல்லக் கசியும். வெற்று பாலிஸ்டைரீன் சக்கரத்தோடு வினைல் ஒட்டி உட்கார்ந்திருந்தால், தொடும் இடத்தில் இந்தக் கசிவு பிளாஸ்டிக்கை இளக்கும். பழைய கிட்களில் ரோட்வீலின் அடியில் செயின் அச்சு பதிந்து, பிசின்போலப் பிசுபிசுப்பது இதனால்தான். எல்லா வினைலும் இப்படிச் செய்யாது. புதியவை எவ்வளவோ மேல். ஆனாலும் செயினின் உட்புறத்திலும் சக்கரத்தின் டயரிலும் பிரைமர், பெயின்ட், வார்னிஷ் என்று மூன்று பூச்சு இருந்தால் நிம்மதி. கசிவை அது முழுக்க நிறுத்தாவிட்டாலும் நன்றாகத் தள்ளிப்போடும்.

இரண்டாவது சிக்கல் இழுவை. பெல்ட் செயினை இறுக்கி மாட்டினால் அன்று அழகாக இருக்கும். ஓராண்டில் ஐட்லர் (செயினை இழுத்துப் பிடிக்கும் ஓரச் சக்கரம்) உள்நோக்கிச் சாயும், அல்லது செயின் இணைப்பிலேயே அறுந்துவிடும். எனாமல் வாஷுக்காக (பள்ளங்களில் இறங்கும் நீர்த்த பெயின்ட்) டர்பென்டைனில் ஊறவிட்ட வினைல் இன்னும் சீக்கிரம் மொரமொரப்பாகும். வாஷ் போட்ட செயினை ஒரு இரவு தனியே காயவைத்துவிட்டு மாட்டுங்கள். இணைப்புக்குப் பசை மட்டும் போதாது. கறுப்பு நூலால் இரண்டு தையல் போட்டு, அந்த இடத்தை ஃபெண்டருக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

ஷெர்மனுக்கு வினைல் பெல்ட் பார்வைக்கு உறுத்தாது. மேலே திருப்பும் உருளைகள் இருப்பதால் நிஜத்திலும் செயின் ஏறக்குறைய நேராகத்தான் ஓடும். டைகரிலும் சோவியத் டேங்கான டி-34-லும் உருளை கிடையாது. செயின் தன் எடையில் சக்கரங்களின் மேலேயே படுத்திருக்கும். வினைல் பெல்ட் அங்கே அந்தரத்தில் மிதக்கும், இரண்டடி தள்ளி நின்று பார்த்தாலே பொம்மை என்று தெரியும். அந்த இரண்டுக்கும் தனித்தனிக் கண்ணிகளாக வரும் செயினுக்குச் செலவழிக்கலாம், ஷெர்மனுக்கு அவசியமில்லை. ஷெர்மனின் டி66 வகைச் செயின் முழுக்க எஃகு, ரப்பர் பட்டை கிடையாது. ஆகவே கறுப்பில் தொடங்காமல் அடர் பழுப்பில் தொடங்கி, தரையைத் தொடும் விளிம்புகளில் மட்டும் 4பி பென்சிலால் தேய்த்தால் போதும். கிராஃபைட் பளபளப்பு இத்தனை காலத்திலும் மங்குவதில்லை. வெள்ளிப் பெயின்ட் மங்கிவிடும்.

வண்ணம். ஆலிவ் டிராபுக்கு டாமியா எக்ஸ்எஃப்-62. 1/35-ல் அப்படியே அடித்தால் இருட்டாகத் தெரியும், வாஷுக்குப் பிறகு இன்னும் இருளும். ஐந்து பங்குக்கு ஒரு பங்கு எக்ஸ்எஃப்-60 டார்க் யெல்லோ கலந்தால் சரியாக வரும். வெள்ளை கலக்காதீர்கள், பாசி படிந்த சுண்ணாம்புச் சுவர் நிறத்துக்குப் போய்விடும். பெயின்ட் ஒரு பங்கு, தின்னர் ஒன்றரைப் பங்கு, காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ. சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் லாக்கர் தின்னரோடு இன்னொரு தொல்லை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால்போல வெளுக்கும். மழை நாளில் அடிக்காமல் இருப்பதே நல்லது. அடித்தே ஆக வேண்டுமென்றால் ஆவியாவதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த தின்னர் வேண்டும். கம்ப்ரஸரில் ஈரம் பிடிக்கும் பாட்டில் இல்லாமல் ஏர்பிரஷ்ஷைத் தொடவே வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் பீறிட்டால் அந்தத் தட்டை முழுதும் தேய்த்துத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.

டரட் (பீரங்கியோடு சுழலும் மேல்கூண்டு) வார்ப்பு எஃகு, உடல் உருட்டுத் தகடுகளைப் பற்றவைத்தது. கிட்டில் இரண்டும் ஒரே வழவழப்பாக இருந்தால் டரட்டில் மட்டும் மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற கெட்டிப் பிரைமரை முடி தேய்ந்த பிரஷ்ஷால் குத்திக் குத்தி எடுத்து, காய்ந்ததும் 600 தாளால் முனைகளை மட்டும் தட்டுங்கள். பத்து நிமிட வேலை. டேங்கின் எடை அங்கேதான் வருகிறது.

பீரங்கிக் குழலில் அந்த ‘ஃப்யூரி’ எழுத்து. படத்தில் கையால் எழுதிய வெள்ளை. 1/35-ல் குழலின் தடிமன் நாலு மி.மீ. அளவுதான், எழுத்து அதற்குள் அடங்க வேண்டும். டீகால் போடுவதானால் கீழே எக்ஸ்-22 கிளாஸ் அடித்து ஒரு நாள் காயவிட வேண்டும். மேட் பரப்பின் நுண்குழிகளில் காற்று சிக்கினால் டீகாலைச் சுற்றி வெள்ளிப் படலம் தெரியும், மேலே என்ன அடித்தாலும் மறையாது. வளைவில் படிய, டீகாலை இளக்கும் மைக்ரோ சோல் ஒரு துளி. அது வேலை செய்யும்போது டீகால் சுருங்கி ஓலைப்பாய்போல ஆகும், பயந்து தொட்டால் கிழியும். விட்டுவிட்டால் தானே படியும். கையால் எழுதுவது இன்னும் பொருத்தம், கொஞ்சம் கோணினால் அதுவும் சரி. சுத்த வெள்ளை வேண்டாம், ஒரு துளி பஃப் (வெளிர் மஞ்சள் பழுப்பு) கலந்த வெள்ளை. மேலே அடித்த வார்னிஷ் வெயில் படும் அலமாரியில் மஞ்சளிக்கும்போது சுத்த வெள்ளை அதை முதலில் காட்டிக்கொடுக்கும், கலந்தது காட்டாது.

பக்கவாட்டில் கட்டியிருக்கும் மரக்கட்டைகள்தான் இந்த டேங்கின் முகச்சாயல். 15 முதல் 20 செ.மீ. தடிமனுள்ள மரம் 1/35-ல் நாலு முதல் ஆறு மி.மீ. வரும். பிளாஸ்டிக் கட்டையைவிட நிஜச் சுள்ளி நன்றாக இருக்கும். ஆனால் மரப்பட்டையின் வெடிப்பு பெரிதாக இருந்தால் அளவே கெட்டுவிடும். செம்பருத்தியின் காய்ந்த கிளைபோல நுண்ணிய தோல் உள்ளதைத் தேடுங்கள். பச்சையாக வெட்டி ஒட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. மூன்று மாதத்தில் சுள்ளி சுருங்கும், கட்டிய நூல் தளரும், தோல் உரிந்து டேங்கின் மேலேயே தூளாக விழும். போதாததற்கு உள்ளே இருக்கும் பூச்சி. நிழலில் இரண்டு வாரம் உலர்த்தி, அவனில் 100 டிகிரியில் முக்கால் மணி நேரம் வைத்து எடுத்து, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் முக்கி ஆறவிட்டால் பிறகு அசையாது. கடைசியில் சுள்ளியின் மேலும் பெயின்ட் அடிக்க வேண்டும். நிஜ மரம் என்றாலும் பெயின்ட் அடித்த டேங்கின் பக்கத்தில் அது மட்டும் தனியாகத் துருத்தும்.

தார்ப்பாய்க்கு டிஷ்யூவும் பசையும் மலிவு. வார்னிஷ் அடிக்காமல் விட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், மடிப்புக்குள் முதலில். எபாக்ஸி புட்டியே நிலைத்தது. மில்லிபுட் சம அளவு பிசைந்து, டால்கம் பவுடர் தூவிய கண்ணாடிமேல் பாட்டிலால் அரை மி.மீ.க்கு உருட்டி, அரை மணி நேரம் விறைக்கவிட்டுப் போர்த்தினால் மடிப்பு இயல்பாக விழும். எம்-சீல் அவசரத்துக்கு ஆகும், ஆனால் மணல்மணலாக இருக்கும். மூட்டை செய்யலாம், துணி செய்ய முடியாது.

சேறு. கதை 1945 ஏப்ரல் ஜெர்மனி. படம் பிடித்தது 2013-ன் இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில். திரையில் பார்ப்பது ஆங்கிலேயச் சேறுதான், அடர் பழுப்பு, நல்ல ஈரம். பிளாஸ்டரும் ஃபெவிகாலும் பிக்மென்ட்டும் (வண்ணத் தூள்) கலந்து பூசிய சேறு தடிமனாக இருந்தால் காயும்போதே விரிசல் விடும். இரண்டு மி.மீ.க்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். வெறும் டர்பென்டைனில் படியவைத்த பிக்மென்ட் உண்மையில் ஒட்டுவதே இல்லை, ஒவ்வொரு முறை தூசி தட்டும்போதும் கொஞ்சம் போகும். மேட் அக்ரிலிக் வார்னிஷ் கலந்து வைத்த பகுதிகள் அப்படியே நிற்கின்றன. இன்னொன்று: வாஷை ரோட்வீல் அச்சில் தேங்கவிடாதீர்கள். இறுக்கமாகச் செருகிய வெற்று பிளாஸ்டிக்கில் டர்பென்டைன் இறங்கினால் மயிரிழை விரிசல் விழும்; அது சில மாதம் கழித்துச் சக்கரம் கழன்று விழும்போதுதான் தெரியவரும்.

அதே படத்து டைகர் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1945 கதை என்பதால் எஃகு ரிம் சக்கரமும் சிம்மரிட் பூச்சும் (காந்த வெடி ஒட்டாமல் தடுப்பது) உள்ள கடைசிக்கால கிட்டை வாங்கிவிடுகிறார்கள். படத்தில் ஓடியது போவிங்டனின் டைகர் 131, 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷார் பிடித்தது. ரப்பர் டயர் சக்கரம், டிரம் வடிவக் கமாண்டர் கூண்டு, சிம்மரிட் இல்லை. பெட்டியில் துனிசியா அல்லது ஆரம்ப உற்பத்தி என்று இருப்பதை எடுங்கள்.

நிஜ டைகர் கிடைக்காத படங்களில் வந்தவை வேறு ஜாதி. 1970-ன் ‘கெல்லிஸ் ஹீரோஸ்’, 1998-ன் ‘சேவிங் பிரைவேட் ரயன்’ இரண்டிலும் டி-34-85-க்குத் தகடு மாட்டி டைகர் ஆக்கினார்கள். இதைக் கட்டுவதில் நிஜ டைகரைவிடச் சுவை அதிகம். டி-34 கிட்டின் அடிப்பாகம், மிச்சமான டைகர் டரட், ஒரு மி.மீ. ஸ்டைரீன் தகட்டில் பெட்டி உடல். அளவுதான் இடறும். டைகரின் அகலம் 3.7 மீட்டர், 1/35-ல் 10.6 செ.மீ.; டி-34 3 மீட்டர், 8.6 செ.மீ. முழு அளவு டைகர் உடலை வைத்தால் இரண்டு பக்கமும் ஒரு செ.மீ. தொங்கும், மேஜைமேல் கவிழ்த்த சோப்புப் பெட்டிபோல. படத்தின் நிழற்படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெட்டியைக் குறுக்குங்கள். ஐந்து பெரிய சக்கரங்களை மறைக்க முயல வேண்டாம். பல்சக்கரமும் பின்னாலேயே இருக்கட்டும், டைகரில் அது முன்னால் என்றாலும். படத்து வண்டி அப்படித்தான் ஓடியது.

சயனோ பசையில் (சூப்பர் குளூ) ஒட்டிய பித்தளைப் பாகங்கள் நாளாக ஆக நொறுங்கும் தன்மைக்குப் போகின்றன. விளக்குக் காப்புக் கம்பிகள் ஒரு தட்டுக்கே உதிர்கின்றன. முடிந்தவரை சால்டர் செய்யலாம், இல்லையென்றால் 0.3 மி.மீ. செம்புக் கம்பியை வளைத்து உடலில் துளையிட்டுச் செருகலாம். பசைக் குப்பியைச் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால்தான் இந்த ஈரக் காற்றில் முழுக் குப்பியும் பயன்படும்.

உடலின் மேல்பாகத்தை ஒட்டும் முன் மறக்கக் கூடாத ஒன்று: அடித்தட்டில் இரண்டு 3 மி.மீ. துளை, உள்ளே இரண்டு நட், சுற்றி எபாக்ஸி. பிறகு அடிப்பலகை வழியாக போல்ட் போட்டு முறுக்கலாம். அலமாரி மாற்றும்போது பலகையைப் பிடித்துத் தூக்கினால் போதும், டேங்கின்மேல் விரல் படாது.